மாரிஸ் மைனரும் பி.டி.எஃப். மேனுவலும்: ஸ்பேனரை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் இன்று ஒர்க்‌ஷாப் மேனுவல் இல்லாத கைப்பேசியே இருக்காது. அந்தக் காலத்தில் கம்பெனி தன் மெக்கானிக்குகளுக்காக அச்சிட்ட தடித்த புத்தகம், யாரோ ஸ்கேன் செய்ததால் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் சரியான தகவல்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட எஞ்சினோடு வெளிவந்த வண்டிக்குச் சரி. உங்கள் வீட்டு வாசலில் நிற்பது அதே வண்டிதானா என்று பார்க்காமல் அளவுகளை எடுத்துக்கொள்வதால்தான் ஸ்டட் (நட் ஏறும் மரை ஆணி) உடைகிறது, வால்வு கருகுகிறது, ஒயர் எரிகிறது.

எந்த மைனர்?

1948 முதல் 1971 வரை வந்த எல்லாவற்றுக்கும் பெயர் மாரிஸ் மைனர்தான். எஞ்சின் மட்டும் நான்கு விதம்: முதலில் 918 சி.சி. சைடு வால்வு, 1952 முதல் 803 சி.சி., 1956 முதல் 948, 1962 முதல் 1098. பின்னால் வந்த இரண்டும் 'மைனர் 1000' என்ற ஒரே பெயரில் விற்றதால் குழப்பம் கூடுதல். 948 வண்டியின் முன்சக்கர பிரேக் டிரம் 7 அங்குலம், 1098 வண்டிக்கு 8 அங்குலம். கிளட்ச் பிளேட் முன்னதில் 6¼ அங்குலம், பின்னதில் 7¼. டிஃபரன்ஷியல் விகிதமும் வேறு. மேனுவலில் முதலில் கண்ணில் படும் பக்கத்தை நம்பி பிரேக் ஷூ வாங்கினால் பணம் வீண்.

எஞ்சின் மேல் உள்ள நம்பர் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். 9எம்/யு/எச் என்று தொடங்கினால் 948 சி.சி. மாரிஸ் எஞ்சின், தரையில் கியர், உயர் கம்ப்ரஷன் (சிலிண்டரில் பெட்ரோல் கலவையை அதிகம் அழுத்துவது). கடைசி எழுத்து எச் இல்லாமல் எல் என்றிருந்தால் தாழ் கம்ப்ரஷன். 948-இல் அந்த வித்தியாசம் 8.3-க்கு 1, 7.2-க்கு 1. தீப்பொறி விழும் டைமிங் அளவு இரண்டுக்கும் ஒன்றல்ல. ஏற்றுமதி வண்டிகளில் எல் எஞ்சினும் உண்டு என்பதால் இலங்கையிலும் இந்தியாவிலும் ஓடுகிற வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. 1098 எஞ்சினுக்கு எண் 10எம்ஏ என்று தொடங்கும். எஞ்சின் ஒருமுறையாவது மாற்றப்பட்ட வண்டியென்றால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பக்கூடாது. எஞ்சினுக்கு அதன் பிளேட்டையும், பிரேக்குக்கு டேப் வைத்து அளந்த டிரம்மையும் நம்புங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம்: மேனுவலின் பின்பகுதியில் துணைப் பிரிவு இருக்கும். பிந்தைய மாடல்களுக்கு மாறிய அளவுகள் அங்கேதான். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் இன்னொன்றும் சொன்னால், எந்தக் கார் எண்ணிலிருந்து மாற்றம் என்று பார்த்துவிட்டுப் பிந்தையதை எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்தவர் அந்தப் பகுதியை விட்டிருக்கவும் கூடும். பொருளடக்கத்தில் உள்ள எல்லாப் பிரிவும் கோப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மடித்து ஒட்டிய பெரிய ஒயரிங் தாள்தான் அடிக்கடி காணாமல் போவது.

எண்களை அப்படியே நம்புவது

ஸ்கேன் மங்கலாக இருந்தால் 3, 8 ஆகும், 5, 6 ஆகும், புள்ளி மறைந்துபோகும். படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய கோப்பில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தவறான எண் பளிச்சென்று அச்சிட்டது போலவே தெரியும். இதற்கு மேனுவலே ஒரு வழி வைத்திருக்கிறது. பெரும்பாலான அளவுகள் இரண்டு அலகில் இருக்கும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து) 0.012 அங்குலம்; அதை 25.4-ஆல் பெருக்கினால் 0.305 மி.மீ. பக்கத்தில் 0.018 என்றும் 0.305 என்றும் சேர்ந்து தெரிந்தால் முதலாவது கெட்டுப்போன எண். டார்க் (முறுக்கும் இறுக்கம்) அளவிலும் அப்படியே: சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்பது சுமார் 5.5 கிலோகிராம்-மீட்டர். இரண்டும் பொருந்தாவிட்டால் வேறு பிரதியைத் தேடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

அலகு மாறிப்போவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. இப்போது கடையில் வாங்கும் டார்க் ரெஞ்சில் நியூட்டன்-மீட்டர்தான் பெரிதாக எழுதியிருக்கும். 40 பவுண்டு-அடி என்பது 54 நியூட்டன்-மீட்டர். ரெஞ்சை 40-இல் வைத்து முறுக்கினால் வேண்டிய இறுக்கத்தில் முக்கால் பங்குதான் கிடைக்கும். ஹெட்டுக்குக் கீழே உள்ள கேஸ்கெட் ஊதக்கூடும். மெயின் பேரிங் 60 பவுண்டு-அடி, அதாவது 81 நியூட்டன்-மீட்டர். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) 35, அதாவது 47.

ஆயிலிலும் இதே வலை. சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கொள்ளளவு 6½ பைன்ட் என்று இருக்கும். பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. இணையத்தில் மாற்றிக் கணக்கிடும் பல கருவிகள் 'பைன்ட்' என்றால் அமெரிக்க அளவையே எடுத்துக்கொள்ளும். சரியான விடை 3.7 லிட்டர், தவறான விடை 3.1. அறுநூறு மில்லி குறைவாக ஊற்றிவிட்டு மலைப்பாதை ஏறினால் வளைவுகளில் ஆயில் பிரஷர் விளக்கு எரியக்கூடும். எந்தக் கணக்கு போட்டாலும் கடைசியில் டிப்ஸ்டிக்கைப் பார்த்துத்தான் மூடியைப் போட வேண்டும்.

ஸ்பேனர் அளவை மேனுவல் அநேகமாகச் சொல்லவே சொல்லாது. 948, 1098 வண்டிகளில் அங்குல ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளந்த) ஸ்பேனர்கள்தான். ½ அங்குல நட்டில் (12.7 மி.மீ.) 13 மி.மீ. ஸ்பேனர் உட்காருவது போலத் தோன்றும். இறுகிப்போன நட்டில் அது முனைகளைத் தேய்த்து வட்டமாக்கிவிடும். 7/16, ½, 9/16 மூன்றும் வாங்கிவிட்டால் பாதி வண்டியைக் கழற்றலாம்.

ஹெட்டும் ராக்கரும்

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டு நேராக அந்தப் பத்திக்குக் குதிப்பது டிஜிட்டல் கோப்பின் வசதி. ஆபத்தும் அதுவே. மேலே இரண்டு பத்தி முன்னால் இருக்கும் எச்சரிக்கை கண்ணில் படாது. மைனரில் இதற்கு நல்ல உதாரணம் ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட். அதைப் பிடித்திருக்கும் எட்டு நட்டில் நான்கு நட்டுகள் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கரை மட்டும்தானே கழற்றுகிறோம் என்று அந்த எட்டையும் அவிழ்த்தால் ஹெட் ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தளர்ந்தும் நிற்கும்; கோணிப்போகும், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹெட் நட் எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

திரும்ப முறுக்கும்போது ஹெட் நட்டுக்கு 40, ராக்கரின் சிறிய நான்கு நட்டுக்கு 25 பவுண்டு-அடி. சிறியவற்றையும் 40-க்கு இழுத்தால் ஸ்டட் கையோடு வரும். ஹெட்டை ஒரே மூச்சில் இறுக்காமல் 15, 30, 40 என்று மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்குங்கள். வரிசை காட்டும் படத்தில் எண்கள் மங்கியிருந்தால் தெளிவான பிரதியிலிருந்து எடுத்து அட்டையில் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள்.

டேப்பட் இடைவெளியை ஹெட் இறுக்கிய பிறகுதான் வைக்க வேண்டும், எஞ்சின் குளிர்ந்த நிலையில். எந்த வால்வு எப்போது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: 8-ஆவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யலாம், 7 திறந்திருக்கும்போது 2-ஐ, இப்படிக் கூட்டினால் எப்போதும் 9 வரும். சத்தம் குறையட்டும் என்று 0.012-ஐவிட இறுக்கமாக வைப்பவர்கள் உண்டு. இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சூடானதும் சரியாக மூடாது, விளிம்பு கருகிவிடும். கொஞ்சம் டிக்டிக் சத்தம் இருப்பதே நல்லது.

ஒயரிங் படம்

முதல் கேள்வி: பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது? மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பாசிட்டிவ் முனைதான் பாடியில். பல வண்டிகளில் ரேடியோவுக்காகவோ ஆல்டர்னேட்டருக்காகவோ அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருப்பார்கள். மேனுவலைப் பார்த்து பாசிட்டிவை எர்த் செய்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியிலேயே போய்விடும். கண்ணால் பார்த்து, மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோ இன்னும் இருந்து எர்த்தை மட்டும் மாற்றியிருந்தால் டைனமோவையும் புதிய துருவத்துக்குப் பழக்க வேண்டும். அதில் உள்ள இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஓர் ஒயர் எடுத்து 'எஃப்' முனையில் இரண்டு மூன்று முறை ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பும் மாறும்: பிளஸ், மைனஸ் குறியிட்ட புதுக் காயில் என்றால் பாசிட்டிவ் எர்த் வண்டியில் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு, நெகட்டிவ் எர்த்தில் மைனஸ் முனை. தலைகீழாக இருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாக இருக்கும். காரணம் தெரியாமல் கார்பரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

படத்தில் ஒயர் நிறம் ஓர் எழுத்தாக இருக்கும். 'பி' (B) என்றால் நீலம் என்று எண்ணாதீர்கள், அது கறுப்பு, எர்த். நீலத்துக்கு 'யு' (U), பழுப்புக்கு 'என்' (N). பழுப்பு ஒயரில் சாவி போடாமலே பேட்டரி மின்சாரம் இருக்கும், அதில் ஸ்பேனர் உரசக்கூடாது. வெள்ளை சாவி போட்டால் உயிர் வரும். பச்சை அதுவே ஃப்யூஸ் வழியாக வருவது. 1961-இல் வண்டியின் பக்கத்திலிருந்து கை போல நீளும் சிக்னலுக்குப் பதிலாக மின்னும் விளக்கு வந்தபோது படமே மாறிவிட்டது.

ஃப்யூஸ் விஷயத்தில் மேனுவல் சொல்வதை அப்படியே எடுத்தால் நெருப்பு வைத்தது போலாகும். 35 ஆம்பியர் ஃப்யூஸ் என்று இருக்கும். மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனி அந்த எண்ணை ஃப்யூஸ் எரிந்துபோகும் அளவாக எழுதியது. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர். இன்று விற்கும் பலவற்றில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அந்த 35-ஐப் போட்டால் ஃப்யூஸுக்கு முன்னால் ஒயர் உருகும்.

மேனுவலுக்குத் தெரியாதவை

அந்தப் பக்கங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் எழுதப்பட்டவை. ஈயம் இல்லாத பெட்ரோலில் கடினப்படுத்தாத எக்ஸாஸ்ட் வால்வு சீட் (வால்வு மூடி உட்காரும் இடம்) மெல்ல உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும். அதனால் பழைய ஹெட் என்றால் இடைவெளியை மேனுவல் சொல்வதைவிட அடிக்கடி பாருங்கள். இந்தியாவில் இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு; பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் உப்பி விரிசல் விடும். எத்தனால் தாங்கும் ஆர்-9 வகை ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பிரேக் டிரம்மைத் திறந்து தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லும் பழைய குறிப்பைப் பின்பற்ற வேண்டாம். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டயர் காற்று 22 பி.எஸ்.ஐ. என்பது 5.00-14 அளவுள்ள பழைய வகை கிராஸ்பிளை டயருக்கு, இன்றைய ரேடியல் டயர் போட்டிருந்தால் அது போதாது.

வேறு காரின் மேனுவலைக் கடன் வாங்குவதும் ஆபத்தே. மைனருக்கும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் முன்சக்கரம் திரும்புவதற்கு மரையுள்ள டிரனியன் என்ற மூட்டு இருக்கிறது, பார்க்கவும் ஒரே சாயல். மைனருக்கு அதில் கிரீஸ்; ஹெரால்டுக்கு இ.பி.90 கியர் ஆயில். ஹெரால்டில் கிரீஸ் அடித்தால் அது உள்ளே கெட்டிப்பட்டு, துரு பிடித்து, ஓடும்போதே சக்கரத்தைத் தாங்கும் லிங்க் உடையக்கூடும். மைனரில் கிரீஸை மறந்தால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கிரீஸ் அடிக்கும்போது ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கியிருக்க வேண்டும். எடை இறங்கியிருந்தால் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. புதுக் கிரீஸ் மரையின் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை அடியுங்கள்.

தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த விஷயமே மேனுவலில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பிரிட்டிஷ் புத்தகத்தில் 'ஜெனரேட்டர்' என்று தேடினால் வராதது 'டைனமோ'வில் வரலாம். 'டார்க்' என்பது 'டைட்டனிங்' என்ற தலைப்பில் இருக்கலாம். வேலை தொடங்கும் முன் தேவையான பக்கங்களைத் தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபெண்டர் மேல் ஒட்டுங்கள். ஒயரிங் படத்தை மட்டும் ஏ-3 தாளில் வண்ணமாகக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் மாறியிருக்கும் எர்த், எஞ்சின் எண், டிரம் அளவு மூன்றையும் அந்தத் தாளின் மூலையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.