கொழும்பில் மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி வீட்டைத் திருத்த உதவி பெறுவது எப்படி?

வீட்டில் ஒருவர் பக்கவாதத்தாலோ விபத்தாலோ நடக்க முடியாமல் போனால், வாசற்படியும் குளியலறையும்தான் முதல் தடை. அவற்றைத் திருத்த அரசாங்க உதவி இருக்கிறது.

படி 1: அளந்து எழுதுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். "வீடு திருத்த உதவி தேவை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. என்ன வேலை, என்ன செலவு என்று காட்டுங்கள்.

சாய்தளத்துக்கு 1:12 கணக்கு. படி 6 அங்குல உயரமென்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். கொட்டாஞ்சேனை ஒழுங்கை வீட்டில் அப்படி மூன்று படி இருந்தால் 18 அடி. அவ்வளவு இடம் எங்கே? பக்கவாட்டில் திருப்பிக் கட்ட முடியுமா என்று மேசன் பாஸிடம் கேளுங்கள். இடமில்லையென்று செங்குத்தாகக் கட்டவே வேண்டாம், தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார்.

சக்கர நாற்காலி தாராளமாக நுழைய, கதவு திறந்த பிறகு 32 அங்குல இடைவெளி வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்குப் போக வழியிருக்காது. பக்கவாதம் வந்தவருக்குக் கைபிடியை, பலமுள்ள கைப் பக்கம் பூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். இப்போதுள்ள நிலையைப் படமும் எடுத்து வையுங்கள்.

படி 2: கிராம சேவகர்

வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்குங்கள். அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளையும் சேர்த்து வையுங்கள்.

படி 3: பிரதேச செயலகம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வீடமைப்புக்கும் அணுகல் வசதிக்கும் தரும் உதவிக்கு அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கே முன்னுரிமை. இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தமிழில் விண்ணப்பிப்பது அரசியலமைப்பு தந்த உரிமை, விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உத்தியோகத்தர் வீட்டை வந்து பார்க்கும் வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

படி 4: வாடகை வீடா, ஃபிளாட்டா?

வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் தேவை. ஃபிளாட்டில் பொது வாசலிலோ படிக்கட்டிலோ கை வைப்பதென்றால் அந்தக் கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

படி 5: பணம் போதாவிட்டால்

அரசாங்க உதவி முழுச் செலவுக்கும் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது ஊழியர் சேமலாப நிதி இருந்தால், பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் மீதியும் இருக்கும் பட்சத்தில், வீட்டுத் தேவைக்காக அதில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். இதற்கு விண்ணப்பிப்பது தொழில் திணைக்களத்தில். வேறு திட்டங்களை விசாரிக்க அரசாங்கத் தகவல் நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 1919 இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போனால் முதலில் கேட்பது அதைத்தான்.