விதைச்சோளத்தில் கதிர் நுனிவரை மணி பிடிக்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மூன்று பருவமாக அதில் கலப்பின விதைச்சோளம் (மக்காச்சோளம்) போடுகிறேன். முதல் பருவத்தில் உரித்த கதிரெல்லாம் அடியில் நாலு சுற்று மணி, அதற்கு மேல் வெறும் சக்கை. உரத்திலும் தண்ணீரிலும் குறையில்லை. மகரந்தம் தரும் ஆண் செடியும் மணி பிடிக்கும் பெண் செடியும் ஒரே நேரத்தில் பூக்கவில்லை, அவ்வளவுதான்.

உழவும் அடியுரமும் உங்களுக்குத் தெரிந்ததே. தாய் விதை, தந்தை விதை இரண்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. வரிசை

நான்கு பெண் வரிசைக்கு ஒரு ஆண் வரிசை. ஆண் வரிசையின் இரு முனையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். சுற்றிலும் குறைந்தது 200 மீட்டருக்கு வேறு சோளம் பூத்திருக்கக் கூடாது. லயத்து வீட்டுப் பின்னால் நிற்கும் நாலு செடியும் இதில் சேர்த்திதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்பே பேசி, ஒரு மாதம் தள்ளி விதைக்கச் சொல்லிவிடுவேன்.

2. விதைக்கும் நாள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். இரண்டு விதையையும் ஒரே நாளில் போட்டேன். ஆண் செடி 50ஆம் நாளே மகரந்தம் கொட்டத் தொடங்கியது. பெண் கதிரில் பட்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் மெல்லிய நூல், எட்டிப் பார்த்தது 56ஆம் நாள்.

ஒரு செடி மகரந்தம் உதிர்ப்பது ஐந்து முதல் எட்டு நாள்தான். உதிர்ந்த மகரந்தம் வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது. பட்டு பத்து நாள் வரை காத்திருக்கும் என்றாலும், போகப் போக அதன் ஏற்கும் சக்தி குறையும். ஒரு பட்டு நூலுக்கு ஒரு மணி. அடிப்பக்க நூல் முதலில் வெளிவரும், நுனி நூல் கடைசியில் வரும். அது வரும்போது என் வயலில் மகரந்தமே இல்லை.

இப்போது பெண்ணை முதலில் போடுகிறேன். நான்காம் நாள் ஆண் வரிசையில் ஒரு குழி விட்டு ஒரு குழி, எட்டாம் நாள் மீதிக் குழிகள். மகரந்தம் இரண்டு தவணையாக வரும். உங்கள் விதைக்கு இந்தக் கணக்கு மாறும். முன் பருவத்திலேயே இரண்டிலும் பத்துப் பத்துச் செடி வைத்துப் பூக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பெண் செடியில் ஆண் பூ நீக்குதல்

பெண் செடியின் உச்சியிலும் ஆண் பூ வரும், அதன் மகரந்தம் விழுந்தால் கலப்பினம் கெடும். இலைச் சுருளிலிருந்து அந்தப் பூ தலை நீட்டியதும், உதிரும் முன்பே, கையால் நேராக மேலே இழுங்கள். பாராங் கத்தி வேண்டவே வேண்டாம். மேல் இலையையும் சேர்த்துச் சீவிவிடும், விளைச்சல் குறையும். பக்கக் கிளைப்பில் வரும் பூவையும் விடாதீர்கள். மழை பெய்தாலும் தினமும் போக வேண்டும்.

4. கையால் தூவுதல்

பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். ஆண் பூவைக் காகிதப் பைக்குள் வளைத்துத் தட்டி, டீ வடிகட்டியில் சலித்து, உடனே பட்டின் மேல் தூவுங்கள். பிளாஸ்டிக் பை வியர்த்து மகரந்தம் கட்டியாகிவிடும். காகிதம்தான் என் கட்சி.

எங்கள் அம்மாவுக்கு இந்த வேலை பழக்கம். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து மகரந்த வண்டு வரும்வரை, இங்கே பல தோட்டங்களில் செம்பனைப் பாளைக்கு ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். அம்மாவும் அதற்குப் போனவர். “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து நில்லுய்யா” என்று அவர் சொன்ன பிறகுதான் என் தூள் வீணாவது குறைந்தது.

மூன்று நாள் கழித்து ஒரு கதிரின் மட்டையை மெதுவாக விலக்கி உதறுங்கள். சேர்க்கை நடந்த நூல் உதிர்ந்துவிடும், நடக்காதது ஒட்டியிருக்கும். ஒட்டியது நிறைய என்றால் மறுநாள் காலை மீண்டும் தூவுங்கள். பட்டெல்லாம் காய்ந்ததும் ஆண் வரிசையை வெட்டி அகற்றிவிடுங்கள், அறுவடையில் கலக்காது.

பின்சேர்க்கை: தெலுக் இந்தானிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். ஆண் பூ கொட்டுகிறதாம், பட்டு இன்னும் மட்டைக்குள்ளேயே இருக்கிறதாம். மட்டை நுனியை மட்டும், உள்ளே கதிரில் படாமல், இரண்டு சென்டிமீட்டர் நறுக்கிவிடம்மா. ஓரிரு நாள் முன்னதாகவே பட்டு வெளியே வரும். நறுக்கிய கதிரில் புழு ஏறுகிறதா என்று மாலையில் ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்.