டி அண்ட் டி மேஜையில் உரசல் வந்தால் செய்யக் கூடாதவை

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றையும் சேர்த்துத் தேடினாலும் ஒரு டேபிளுக்கு ஐந்து பேர் தேறுவது பெரும்பாடு. சென்னைக்காரர்கள் "ஒத்துவரலைன்னா வேற குழு பாருங்க" என்பார்கள். இங்கே வேறு குழு கிடையாது. இன்று வெளியேற்றிய ஆளை நாளை மார்க்கெட்டில் பார்த்தாக வேண்டும். விதி தெரியாமல் தடுமாறுவது, பகடையை வீட்டில் வைத்துவிட்டு வருவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை இவை.

ஆள்மீதுள்ள கோபத்தைக் கேரக்டர்மீது காட்டுவது

குழுவைக் கலைப்பது பெரும்பாலும் இதுதான். புது டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர்கள், அதாவது கதை நடத்துபவர்கள்) திரும்பத் திரும்ப இதையே செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

திருடன் கேரக்டர் ஆடுபவர், தூங்கும் தோழனின் பையில் கை விடுகிறார். பறிகொடுத்தவரின் முகம் மாறுகிறது. கதை நடத்தும் டிஎம் நேரில் சொல்லத் தயங்கி, அடுத்த ஊரில் நான்கு காவலர்களை ஏவித் திருடனைப் பிடிக்கிறார். திருடன் ஆடுபவருக்கோ இது கண்டிப்பு என்றே தெரியாது. கதை தன்னைச் சுற்றிச் சூடுபிடிக்கிறது என்று குஷியாகிவிடுவார். சிறையிலிருந்து தப்பும் காட்சி ஒரு மணி நேரம் ஓடும். பறிகொடுத்தவர் அவ்வளவு நேரமும் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருப்பார். பொறுமையிழந்து டிஎம் அந்தக் கேரக்டரைக் கொன்றாலும், புதுக் கேரக்டரோடு பழைய பழக்கம் திரும்பி வரும்.

கை பைக்குள் போகும் முன்பே ஆட்டத்தை நிறுத்துங்கள். பகடை உருண்டபின் நிறுத்தினால் "பதினெட்டு விழுந்துச்சே" என்ற வாதம் கிளம்பும். பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள். தோழர்மீது திருட்டு, தாக்குதல், வசிய மந்திரம் மூன்றுக்கும் ஒரே விதி: எதிரில் இருப்பவர் சம்மதித்தால்தான் நடக்கும், விளைவையும் அவரே சொல்வார்.

மறுநாள் திருடன் ஆடியவரிடம் தனியாகப் பேசுங்கள். கேரக்டரின் பெயரை எடுக்காமல், "நீ பையில கை வச்சதுக்கப்புறம் அவன் வாயே திறக்கலை. இனிமே அவன்கிட்ட கேட்டுட்டுச் செய்" என்றால் போதும். மூன்று மாதப் பழைய கணக்கை அவிழ்த்தால் அவர் அதற்குப் பதில் சொல்வதிலேயே இறங்கிவிடுவார்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்பதை ஏற்பது

எழுதியவர் அவர்தானே. மாற்றி எழுதட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் பஞ்சாயத்து

வேண்டவே வேண்டாம்.

எக்ஸ் அட்டையையே நம்பியிருப்பது

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய முறை இது. மேஜை நடுவே எக்ஸ் போட்ட அட்டை இருக்கும். யார் தொட்டாலும் அந்தச் சங்கதி கதையிலிருந்து நீங்கும், காரணம் கேட்கக் கூடாது. மனதைப் புண்படுத்தும் காட்சிகளுக்கு அது நல்ல கருவி. ஒருவரே பேசிக்கொண்டிருப்பது, அடுத்தவர் முறையில் யோசனை சொல்வது போன்ற உரசலுக்கு உதவாது. காரணம் சொல்லப்படாதபோது எதை மாற்றுவது என்று உரசலுக்குக் காரணமானவருக்கு எப்படித் தெரியும்?

கடைசிப் பஸ்ஸை மறப்பது

கோத்தகிரிக்காரர் கதையில் வரும் சண்டைக்கு நடுவே எழுந்துபோவது அலட்சியம் அல்ல. மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டியின் சேரிங் கிராஸைத் தாண்டுவதும், ஜூலை மழையில் மரம் விழாத சாலை கிடைப்பதும் யார் கையிலும் இல்லை. கடைசிப் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு புதுச் சண்டை தொடங்குவதில்லை என்று முதல் செஷனிலேயே பேசி வையுங்கள். கேரக்டர்கள் வளர்ந்து ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டால் ஒரு சண்டையே அந்த ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். கிளம்புகிறவர் தன் கேரக்டரை யார் ஆடுவது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் இல்லாத நேரத்தில் அது சாகாது என்பதையும் விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.