கைக்கருவியைப் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுகிப்போன திருகைக் கழற்ற, ஸ்க்ரூ டிரைவரை விரல்நுனியால் பிடித்துக்கொண்டு முக்குகிறவர்கள் நிறைய பேர். திருகு அசையாது, விரல் மூட்டுதான் வலிக்கும். விரல்நுனிப் பிடியில் கிடைக்கும் பலம், எல்லா விரல்களும் கைப்பிடியைச் சுற்றி மடங்கும் முழுப்பிடியில் கிடைப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். திருகை அதன் துளையில் நேராக உட்காரவைக்க விரல்நுனி சரி. அது மரையில் பிடித்ததும் முழுப்பிடிக்கு மாறிவிடுங்கள்.

கைப்பிடியின் தடிமனும் முக்கியம். பலம் போடும் வேலைக்கு 3 முதல் 5 செ.மீ. விட்டம் வேண்டும். நுணுக்க வேலைக்கு 6 முதல் 13 மி.மீ. போதும். ஒல்லியான கைப்பிடிக்கு ரப்பர் உறை மாட்டிக்கொள்ளலாம். நீளம் 10 செ.மீ.க்குக் குறைந்தால் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். அந்த இடத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. வலி உடனே தெரியாது என்பதால்தான் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விரல் பதிய பள்ளம் வெட்டிய கைப்பிடிகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பள்ளமும் விரலும் பொருந்தாவிட்டால் மேடு விரலை அழுத்திக்கொண்டே இருக்கும்.

அதிகம் பேர் கவனிக்காதது மணிக்கட்டு. கையை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், விரல்கள் இறுகவே இறுகாது. அதே நிலையில் குறடை அழுத்தினால், இல்லாத பலத்தை வரவழைக்கத் தசைநார்கள்தான் பாடுபடும். கையை வளைப்பதற்குப் பதிலாக வேலைப் பொருளைத் திருப்பி வையுங்கள், அல்லது நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வளைந்த கைப்பிடி உள்ள கருவியைத் தேடலாம்.

சுத்தியல் பிடிக்கும்போது கட்டைவிரலைக் காம்பின் முதுகில் நீட்டி வைக்காதீர்கள், ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் அதில்தான் இறங்கும். அப்புறம், ஒரு கையில் பொருளை ஏந்திக்கொண்டு மறு கையால் திருகுவதை அடியோடு விட்டுவிடுங்கள். முனை வழுக்கினால் நேராக உள்ளங்கைக்குள் போகும். பொருளை, அதை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டுங்கள்.

ஸ்பேனரை முடிந்தவரை உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளியே ஆக வேண்டிய இடத்தில் விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையால் தள்ளினால், நட்டு திடீரென்று விடும்போது விரல் முட்டிகள் எதிரே உள்ள இரும்பில் மோதாது.