பிள்ளைகளைப் பிரெஞ்சு பேசும் ஊர்களுக்குக் கூட்டிப் போகிறீர்களா? முதலில் ஊர்களைக் குறையுங்கள்

பிரெஞ்சு படிக்கும் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க், ஜெனீவா, லியோன் என எல்லாவற்றையும் எட்டே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது ஒரு திட்டத்தை நீட்டினால், மடித்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பேருந்தில் ஏறினார்கள், இறங்கினார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி ஏறினார்கள். திரும்பி வந்து விசாரித்தால், அந்த எட்டு நாளில் ஒரு பையன் பிரெஞ்சில் பேசியது மொத்தமே மூன்று வார்த்தை. அதில் ஒன்று "மெர்சி".

மூன்று ஊர் போதும். லியோனில் ஐந்து இரவு, ஜெனீவாவில் இரண்டு, கடைசியில் பாரிஸில் மூன்று. பாரிஸைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் நம் பிள்ளை தட்டுத்தடுமாறி அரை வாக்கியம் பேசுவதற்குள் எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். இவனும் அப்பாடா என்று பிரெஞ்சை மூட்டைகட்டி வைத்துவிடுவான். லியோனில் அந்த அவசரம் குறைவு. பாரிஸில் இறங்கினாலும் ஊருக்குள் போகாமலே லியோன் போய்விடலாம்: சார்ல் த கோல் விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து லியோன் பார்-தியூ நிலையத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். ஒரு எச்சரிக்கை. "கார் த லியோன்" என்பது பாரிஸில் இருக்கும் ரயில் நிலையத்தின் பெயர். சந்திக்கும் இடம் என்று அதை மட்டும் எழுதிக் கொடுத்தால், அதுதான் லியோனில் இருக்கிறது என்று நம்பிக் கொண்டிருக்கும் பிள்ளை கண்டிப்பாக ஒன்று இருக்கும்.

அரசியல், சட்டம் படிக்கும் கூட்டம் என்றால் ஜெனீவாவுக்குப் பதிலாகப் பிரஸ்ஸல்ஸ் வைக்கலாம், பாரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயில் போய்ச் சேர்ந்துவிடும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மையமான பார்லமென்டேரியத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. கனடாவின் மொன்றியால், செனெகலின் டக்கார் எல்லாம் பிரெஞ்சு பேசும் ஊர்கள்தான், ஆனால் அவை தனிப் பயணம், தனி விசா. ஒரே பயணத்தில் கோக்க வேண்டாம்.

எப்போது போவது? செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல். மே மாதம் பார்க்க அழகு, ஆனால் பிரான்சில் மே 1, மே 8, அப்புறம் விண்ணேற்ற நாள் என்று விடுமுறை வரிசையாக வரும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் பலர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள், ரொட்டிக் கடைகளில்கூட நிறைய மூடிக் கிடக்கும். பேசப் போகிறோம் என்றால் பேச ஆள் வேண்டாமா?

விசா, காகிதங்கள்

விசா தேவைப்படுகிறவர்களுக்குப் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னால் என்பது விதி, ஆனால் ஒரு குழுவை வைத்துக்கொண்டு அந்தப் பதினைந்து நாளை நம்பாதீர்கள். மூன்று மாதம் முன்னாலேயே எல்லாருக்கும் ஒன்றாக நேரம் கேளுங்கள், ஏனென்றால் பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாரும் கைரேகைக்கு நேரில் வர வேண்டும்.

பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம்: பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் கூடப் போகும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது என்று ஷெங்கன் விசா விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பம் வாங்கும் மையம் கேட்கும் சேவைக் கட்டணம் வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும். கல்வி நிறுவனத்தின் கடிதத்தாளில் பயணத்தின் நோக்கம், நாள்வாரித் திட்டம், எல்லாருடைய பெயர்ப் பட்டியல் மூன்றையும் வைத்து விலக்கைக் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்காமல் கிடைக்காது.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம், அதன் மொழிபெயர்ப்பு, எல்லாம் அசலாக. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளின் கைரேகையையும் முகப்படத்தையும் எல்லையிலேயே பதிகிறார்கள், அதனால் விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் ரயில் என்று துணிந்து முன்பதிவு செய்யாதீர்கள். நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தங்குவது

இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. லியோனில் ஹோட்டல் வேண்டாம், வீடுகளில் தங்க வையுங்கள். மாணவர்களைத் தங்க வைக்கும் குடும்பங்களை மொழிப் பள்ளிகள் ஏற்பாடு செய்து தருவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்று வேண்டாம், மூன்று பேர் இருந்தால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணி வாக்கில் இருக்கும், ஒரு மணி நேரம் ஓடும், எழுந்து ஓட முடியாது. நான் வகுப்பில் ஒரு மாதம் மாரடித்தும் வராதது அந்த மேஜையில் நான்கே ராத்திரியில் வந்துவிடுகிறது.

போவதற்கு முன்பு "து", "வூ" இரண்டையும் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். நம் பிள்ளைகளுக்கு இது எளிது, நீ, நீங்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆனால் அங்கே வயதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, நெருக்கத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரம்மா தானாகவே "து" போதும் என்று சொன்ன பிறகும் வாய் வராமல் நெளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நெளியட்டும், தப்பில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜெத்தாரியன்" என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தக் கூடாது. மீன் சாப்பிடுவாய்தானே என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இறைச்சி, மீன், முட்டை, எது வேண்டாமோ அதைத் தனித்தனியாகச் சொல்லப் பழக்குங்கள். பிரான்சில் உணவகத்தில் "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் காசில்லாமல் வைப்பார்கள். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும்.

பேச வைப்பது

ஒரு நாள் காலையில் லியோனில் ஒரு ரொட்டிக் கடை. என் மாணவன் ஒருவன் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சுத்தமாகச் சொன்னான்: "அன் குருவாசான், சில் வூ ப்ளே." கடைக்காரம்மா அவனைப் பார்த்து "போன்ஜூர்" என்றார். இவன் மறுபடியும் குருவாசான் என்றான், கொஞ்சம் சத்தமாக. அவர் அசையவில்லை. "போன்ஜூர், முசியூ." பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவனுக்கு உறைத்தது, "போன்ஜூர், மதாம்" என்றான், உடனே சிரிப்பும் வந்தது, குருவாசானும் வந்தது. இதைத்தான் நான் முதல் பாடமாக வைக்கிறேன்: "தயவுசெய்து" என்று எத்தனை தடவை சொன்னாலும் முதலில் வணக்கம் சொல்லாவிட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு. மாலையானால் "போன்ஸ்வார்".

அடுத்தது எண்கள். பிரான்சில் தொண்ணூற்றைந்து என்பது நான்கு இருபது பதினைந்து, "காத்ர வேன் கேன்ஸ்". கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மீதிச் சில்லறை கைக்கு வந்துவிடும். ஜெனீவாவிலும் பிரஸ்ஸல்ஸிலும் அதையே "நொனாந்த் சேங்க்" என்று நேராகச் சொல்வார்கள். லியோனில் ஐந்து நாள் திணறிவிட்டு ஜெனீவாவில் இறங்கி அதைக் கேட்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி. எல்லாவற்றையும் அட்டையில் தட்டிக் கட்டப் பழகிவிட்டால் இந்தப் பயிற்சியே போய்விடும், அதனால் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் கையில் காசு கொடுத்து அனுப்புகிறேன். ஜெனீவாவில் யூரோ இல்லை, சுவிஸ் பிராங்க்.

மொழிபெயர்ப்புச் செயலியை மருந்துக் கடையிலும் மருத்துவரிடமும் மட்டும் திறக்கலாம் என்று விதி வையுங்கள். மற்ற நேரம் கைபேசி பைக்குள்.

என்ன பார்ப்பது என்பதைவிட என்ன வேலை கொடுப்பது என்று யோசியுங்கள். லியோனின் பழைய பகுதியில் "திராபூல்" என்று வீடுகளுக்குள் புகுந்து போகும் நடைவழிகள் உண்டு. ரூ சேன்-ஜானில் 54ஆம் எண் கதவில் நுழைந்தால் ரூ து பெஃபில் 27ஆம் எண்ணில் வெளியே வரலாம், மிக நீளமானது அதுதான். இரண்டு இரண்டு பேராக அனுப்பி, வழி கேட்டு வரச் சொல்லுங்கள். மேலே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் கூடாது. குருவா-ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்களின் கதையைச் சொல்லும் மேஸோன் தே கானுய் இருக்கிறது, அங்கே ழக்கார் தறியை ஓட்டிக் காட்டுவார்கள். 1800களின் தொடக்கத்தில் துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நெய்ய வைத்த தறி அது. அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்துக்குப் போனால், 1989இல் உலகளாவிய வலை (வேர்ல்ட் வைட் வெப்) பிறந்த இடம் வேறு மாதிரித் தெரியும். அட்டையில் துளை, அப்புறம் கணினி, அப்புறம் வலை என்று ஒரு மாணவி எனக்கே படம் போட்டுக் காட்டினாள்.

செர்னுக்கு ஊருக்குள்ளிருந்து 18ஆம் எண் டிராம் நேராகப் போகிறது. 2023இல் அங்கே திறந்த பார்வையாளர் மையமான சயன்ஸ் கேட்வே இலவசம், திங்கள் விடுமுறை. குழுவாகப் போனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஐ.நா. கட்டடமான பாலே தே நாசியோனுக்குப் போகும் நாளில் அசல் கடவுச்சீட்டு வேண்டும், நகல் எடுபடாது. லியோனிலிருந்து ஜெனீவா போகும் ரயிலில் ஏறும் நாளும் அப்படித்தான், எல்லையைத் தாண்டுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாங்கிய சிம் சுவிட்சர்லாந்தில் வேலை செய்யுமா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லை தாண்டியதும் காசை விழுங்கிய சிம்மால் அழுதவர்கள் உண்டு.

பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தில் ஏற வரிசையில் நிற்பதைவிட, கீழே நின்று முதல் தளத்துக்கு அடியில் சுற்றிலும் பொறித்திருக்கும் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். விஞ்ஞானிகள், பொறியாளர்கள் என 72 பேர், ஈஃபிள் அந்தப் பட்டியலைப் போட்டபோது ஒரு பெண்கூட இல்லை. கணித மேதை சோஃபி ழெர்மேன் பெயர் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று பத்து வரி பிரெஞ்சில் எழுதச் சொன்னால் அன்றைய வேலை முடிந்தது. அருங்காட்சியகங்களில் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள், இதை மாற்றி எழுதிவிட்டுக் கதவுமுன் நின்ற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. 2019 ஏப்ரலில் எரிந்த நோத்ர்-தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது, உள்ளே போகக் கட்டணம் இல்லை.

தொலைந்து போனால்

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் உபரியாக ஒருவர். ஒரு பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் கூடவே ஒருவர் போய்விடுவார், மிச்சப் பேரை யார் பார்ப்பது?

மெத்ரோவில் கதவு மூடிக்கொள்ளும், பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. இது நடக்கும், நடக்காது என்று நினைக்காதீர்கள். விதி ஒன்றுதான்: ரயிலில் போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நடைமேடையில் நிற்பவர்கள் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். ஒரு பெரியவர் எப்போதும் கடைசியாகத்தான் ஏற வேண்டும். பயண அட்டை ஆளுக்கு ஒன்று, ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது, பரிசோதகர் வந்தால் அபராதம். அவசர எண் 112, மூன்று நாட்டிலும் அதுதான். தங்கும் இடத்தின் முகவரியைப் பிரெஞ்சில் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள், கைபேசி தீர்ந்துபோகும், காகிதம் தீராது. சக்ரே-கர் தேவாலயத்தின் அடிவாரத்தில் கையில் நூல் கட்ட வருபவர், ஈஃபிள் பக்கம் கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், இருவரும் காசு பறிக்க வருபவர்கள், அவர்களிடம் பிரெஞ்சுப் பயிற்சி வேண்டாம்.

ஏழாம் நாளுக்கு மேல் சோற்று ஏக்கம் வரும். பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் வட்டாரத்தில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைசி மாலைக்கு அதை ஒதுக்குங்கள், அதற்கு முன்னால் கண்ணில் காட்டாதீர்கள். அங்கே கல்லாவில் இருக்கும் பிள்ளை நம்மிடம் தமிழிலும் அடுத்த வாடிக்கையாளரிடம் பிரெஞ்சிலும் மூச்சுவிடாமல் மாறி மாறிப் பேசுவதைப் பார்த்து என் மாணவர்கள் சாப்பாட்டையே மறந்து நின்றார்கள்.

கிளம்பும் நாள் காலையில், லியோனில் தங்க வைத்த குடும்பத்துக்கு ஆளுக்கொரு தபால் அட்டை, பிரெஞ்சில், ஐந்து வரி. நான் திருத்த மாட்டேன். பாரிஸின் மஞ்சள் தபால் பெட்டிகள் பலவற்றில் இரண்டு வாய் இருக்கும், ஒன்று பாரிஸுக்கும் புறநகருக்கும், இன்னொன்று மற்ற ஊர்களுக்கும் வெளிநாட்டுக்கும். எதில் போடுவது என்று அவர்களே படித்துக் கண்டுபிடிக்கட்டும்.