முதல் பவர் சப்ளை: சால்டரிங் அயர்னைச் சூடேற்றும் முன் போட வேண்டிய கணக்கு

நான் முதன்முதலில் செய்த பவர் சப்ளை சரியாக 5 வோல்ட் கொடுத்தது. ஆனால் ஒரு சின்ன மோட்டாரை மாட்டிவிட்டு ரெகுலேட்டரை (வோல்டேஜை நிலையாக வைக்கும் ஐசி) தொட்டதும் விரல் கொப்பளித்துவிட்டது. இணைப்பில் ஒரு தவறும் இல்லை. கணக்குதான் போடவில்லை.

அதனால் பாகங்கள் வாங்கும் முன் ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசி வைத்து, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றைத் திட்டமிடுவோம்.

படி 1: எதற்கு வேண்டும்?

மைக்ரோகண்ட்ரோலர், சென்சார் என்றால் 3.3 அல்லது 5 வோல்ட். ரிலே, சின்ன ஃபேன் என்றால் 12. '30 வோல்ட், 5 ஆம்பியர்' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் தடவையே வேண்டாம். 12 வோல்ட் வரை, அரை ஆம்பியர் என்று எழுதுங்கள்.

படி 2: உள்ளே வரும் மின்சாரம்

டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்), பெரிய கெப்பாசிட்டர் என்பது பழைய வழி. அதில் 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் கெப்பாசிட்டரில் 15 இருக்காது. ஏசியின் உச்சம் 1.414 மடங்கு, அதாவது 21, டையோடுகளில் 1.4 போக 20 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். சுமை இல்லாதபோது இன்னும் ஏறும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் வெடிக்கலாம்.

இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் மெயின்ஸ் கம்பியை மேசைமேல் கொண்டுவருவது முதல் பாடமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தரமான 15 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டரை வாங்குங்கள். ஏன் 15? எல்எம்317க்கு வெளியே தருவதைவிடச் சுமார் 3 வோல்ட் கூடுதலாக உள்ளே வேண்டும்.

படி 3: சூடு

என் விரலைச் சுட்டது இந்த இடம்தான். உள்ளே வரும் வோல்டேஜில் வெளியே போகும் வோல்டேஜைக் கழித்து, ஆம்பியரால் பெருக்குங்கள். அத்தனை வாட் ஐசியில் சூடாகிறது.

12 வோல்ட், அரை ஆம்பியர்: 3 × 0.5 = 1.5 வாட். பரவாயில்லை.
5 வோல்ட், அதே அரை ஆம்பியர்: 10 × 0.5 = 5 வாட்.

வோல்டேஜைக் குறைத்தால் சூடும் குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு! 3.3 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 வாட். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் இது தாங்காது. ஒரு வாட்டுக்கு 5 டிகிரி அல்லது அதற்கும் குறைவாகவே சூடேறும் ஹீட் சிங்க் வாங்குங்கள். அப்புறம், எல்எம்317இன் உலோகப் பின்பகுதி அவுட்புட்டோடு இணைந்தது. அது ஹீட் சிங்க்கோடு மின்தொடர்பு கொள்ளாமலிருக்க, இரண்டுக்கும் இடையில் மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் அவசியம்.

படி 4: வோல்டேஜை அமைப்பது

அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர். அட்ஜஸ்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்). 220 ஓமின் இரு முனைகளுக்கும் நடுவே ஐசி எப்போதும் 1.25 வோல்ட் வைத்திருக்கும், எனவே வெளியே வருவது:

1.25 × (1 + 2000 ÷ 220) = 12.6 வோல்ட்

முழுக்கத் திருப்பினால் இவ்வளவு, மறுமுனையில் 1.25. இன்புட்டில் 0.1, அவுட்புட்டில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஐசிக்கு ஒட்டியே வையுங்கள். எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். 5 வோல்ட் மட்டும் தரும் 7805 ரெகுலேட்டருக்கு வரிசையே வேறு, பழக்கத்தில் மாற்றிவிடாதீர்கள்.

படி 5: முதல் சோதனை

அடாப்டர் பக்கம் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். முதலில் எதையும் மாட்டாமல், மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்டும் வரை பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்புங்கள். சரி, வந்துவிட்டதா? இப்போது 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மாட்டினால் அரை ஆம்பியர் ஓடும். பத்து நிமிடம் விடுங்கள், விரலை வைக்காதீர்கள். மீட்டரில் 5 அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. சில நிமிடத்தில் வோல்டேஜ் விழுந்து, ஆறியதும் திரும்பி வந்தால், சூடு தாங்காமல் ஐசி தானாகவே அணைகிறது. ஹீட் சிங்க்கைப் பெரிதாக்குங்கள்.