சிங்கப்பூரில் ஜேசி முடித்து யூனிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜேசியின் (தொடக்கக் கல்லூரியின்) இறுதித் தேர்வான ஏ லெவல் முடிவு பிப்ரவரி கடைசியில்தானே வரும், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம் மார்ச்சிலேயே மூடிவிடும். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் அவ்வளவு நாள்கூட காத்திருக்க முடியாது. என்யுஎஸ், என்டியு என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுமே மருத்துவத்துக்கு யுகேட் என்ற நுழைவுத் தேர்வு கேட்கின்றன, அது ஜேசி இரண்டாம் ஆண்டிலேயே, ஏ லெவல் எழுதுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிவிட்டு யுகேட் எழுதாமல் நின்றால் அந்த வருடம் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, ஏ லெவல் தரங்களை வைத்துச் சேர்க்கைக்குப் போடும் புள்ளிக் கணக்கு. "அண்ணன் 86 வாங்கினான், உனக்கு வெறும் 66ஆ?" என்று தீபாவளிக்கு வரும் மாமா யாராவது ஆரம்பிப்பார், கண்டுகொள்ளாதீர்கள். அண்ணன் வாங்கியது 90க்கு. 2026 சேர்க்கையிலிருந்து மொத்தமே 70தான்: மூன்று எச்2 (முழு அளவு) பாடத்துக்கு 60, ஜிபி என்ற பொதுத்தாளுக்கு 10. எச்2இல் இரண்டு ஏ, ஒரு பி, ஜிபியில் பி என்றால் 66.25. நான்காவது பாடமான எச்1இல் (பாதி அளவு, 10 புள்ளி) ஏ வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து 80க்குக் கணக்கிட்டு 70க்குக் கொண்டுவருவார்கள், 66.72 ஆகும். அதுவே சி என்றால் 64.53க்கு இறங்கிவிடும், அதனால் சேர்க்கவே மாட்டார்கள். தாய்மொழிப் பாடமான தமிழுக்கும் இதே விதிதான், உதவினால் உண்டு, கெடுக்காது. (அதற்காகத் தமிழை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள்!)

இன்னொரு குழப்பம், ஐஜிபி பட்டியலில், அதாவது ஒவ்வொரு கோர்ஸிலும் முன்பு இடம் கிடைத்தவர்களின் தரங்களைக் காட்டும் பட்டியலில், போடும் பத்தாம் பெர்சென்டைல். அதை கட்ஆஃப் என்று நினைத்துப் பிடித்த கோர்ஸை விட்டுவிடுகிறார்கள். இடம் கிடைத்தவர்களிலேயே சுமார் பத்தில் ஒருவர் அந்தத் தரத்திலோ அதற்குக் கீழேயோ இருந்திருக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம்.

சரி, விண்ணப்பத்தில் எழுதும் சிறு கட்டுரைகள். "தமிழ் மன்றத் தலைவராக இருந்து தலைமைத்துவம் கற்றேன்" என்று எழுதுகிறார்கள், தலைவராக இருந்த எல்லோரும் அதையேதான் எழுதுவார்கள். பொங்கல் நிகழ்ச்சிக்கு ஆள் வராமல் போனபோது நீங்கள் யாருக்கு போன் செய்தீர்கள், எதை ரத்து செய்தீர்கள், யாரிடம் திட்டு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். வாசிப்பவருக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) பட்டியல்தான் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருக்கிறதே, அதை மறுபடி ஒப்பிக்க ஏன் இடத்தை வீணாக்குகிறீர்கள்?

பையன்களுக்கு ஒன்று: தேசிய சேவை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முடிவு வந்த கையோடு விண்ணப்பித்து இடம் கிடைத்தால் சேவை முடியும்வரை அதை உங்களுக்கென்று வைத்திருப்பார்கள்.

கட்டணப் பேச்சையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்பாவின் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்திலிருந்து கட்டினால் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டியது அப்பா இல்லை, நீங்கள்.